மாப்பிள்ளை வீட்டு வெளிச்சம்

அக்காள் மகளின் நெற்றியில் பட்டம் கட்டிக்கொண்டிருந்தபோது என்னுடைய பிளாஷ் என்மேலேயே மின்னியது.

என் இரண்டு கைகளும் யாழினியின் தலைக்குப் பின்னால் நூலை முடிந்துகொண்டிருந்தன. என் கேமரா மேடைக்குக் கீழே, முதல் வரிசை நாற்காலி ஒன்றில், அக்காளின் கைப்பைமேல் சாய்ந்து கிடந்தது. அதன் அருகில் எவரும் இல்லை. ஆயினும் பெண் வீட்டுப் பக்கத்துத் தூணோரம் நான் நிறுத்தியிருந்த விளக்கு, யாரோ ஆணையிட்டாற்போல், பளிச்சென்று ஒளி உமிழ்ந்து அடங்கியது. என் கண்ணுக்குள் பச்சை வட்டம் ஒன்று நீந்தியது.

எதிரே, மாப்பிள்ளை வீட்டுக்காகப் படமெடுக்க வந்த மோசஸ் தன் கேமராவை முகத்திலிருந்து இறக்கி, அதன் பின்திரையைப் பார்த்துப் புன்னகைத்தான்.

“இறுக்காத மாமா, தல வலிக்குது,” என்றாள் யாழினி.

நான் நூலைத் தளர்த்தினேன். மோசஸ் மறுபடியும் அழுத்தினான். என் விளக்கு மறுபடியும் மின்னியது. அவன் விரலுக்கு என் விளக்கு பணிகிறது என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. வீட்டு நாய் அண்டை வீட்டுக்காரனைக் கண்டு வாலாட்டுவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கணத்தில் என் மனம் பட்ட பாடு தெரியும்.

இரண்டு வீடு, இரண்டு கேமரா

எங்கள் பக்கத்துத் திருமணங்களைப் பாராதவர்களுக்குச் சிறிது விளக்கவேண்டும். கும்மிடிப்பூண்டியிலிருந்து மீஞ்சூர் வரையில், பெண் வீட்டார் ஒரு புகைப்படக்காரரையும் மாப்பிள்ளை வீட்டார் ஒரு புகைப்படக்காரரையும் தனித்தனியே அழைத்துவருவார்கள். ஒரே மேடை, ஒரே தாலி, ஆல்பம் மட்டும் இரண்டு. ஒரு வீட்டு ஆல்பத்தில் மறு வீட்டு அத்தைமார் பாதி முகத்தோடுதான் இருப்பார்கள். அதுவே முறை.

ஆகையால் முகூர்த்த நேரத்தில் மணமக்களுக்கு எதிரே நிற்கும் இரண்டடி இடத்துக்கு இரண்டு பேர் போட்டியிடுவோம். முழங்கை பேசும், வாய் சிரிக்கும்.

யாழினி என் அக்காள் கஸ்தூரியின் ஒரே மகள். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் வேலை செய்கிறாள். மாப்பிள்ளை தினேஷ் பழவேற்காட்டுக் குடும்பம்; காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் பணி. பெண் வீட்டுப் படங்களை நான் எடுப்பது என்பதில் பேச்சுக்கே இடமில்லை. ஆனால் நான் தாய்மாமனும் ஆயிற்றே. பொன்னிறத் தகட்டில் செய்த பட்டத்தை மணமகளின் நெற்றியில் தாய்மாமன்தான் கட்டவேண்டும். அந்த நேரம் மட்டும் கேமராவைக் கீழே வைப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் யாரை அழைத்துவரப்போகிறார்கள் என்று அக்காளிடம் கேட்டேன்.

“யாரோ பொன்னேரி ஆளாம்டா. மோசஸுன்னு சொன்னாங்கோ. உனுக்குத் தெரியுமா?”

தெரியும் என்றேன். அன்று இரவு உணவு எனக்குச் செல்லவில்லை.

மோசஸ் என்பவன்

இந்த வார இதழில் நான் எழுதிவரும் தொடரின் சென்ற பகுதியைப் படித்த வாசகர் ஒருவர், புலவர் படிப்புப் படித்தவர் ‘பிளாஷ்’ என்று எழுதலாமா என்று கேட்டிருந்தார். மின்னொளி என்று எழுதிப் பார்த்தேன். வானத்து மின்னலை நினைப்பார்களோ என்ற ஐயத்தால் அடித்துவிட்டேன். வழங்கும் சொல்லுக்கு வழிவிடுவதும் ஒழுங்குதான்.

அந்தப் படிப்பை முடித்து, ஆசிரியர் பணிக்குக் காத்திருந்த காலத்தில், பொன்னேரியில் ஒரு படநிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். மோசஸும் அங்கேதான் சேர்ந்தான். இருவரும் கடவுச்சீட்டுப் படம் எடுப்போம். நான் எடுத்த படத்தில் இரண்டு காதும் சமமாகத் தெரியும், நிழல் இராது, தலைக்கு மேல் விடவேண்டிய இடைவெளி அளந்தாற்போல் இருக்கும். ஆனால் வருகிறவர்கள் வாசலிலேயே, “அந்தக் கறுப்பு சட்ட அண்ணன் இல்லியா?” என்று கேட்பார்கள். கறுப்புச் சட்டைக்காரன் மோசஸ்.

“இன்னா புலவரே, உன் கைல படம் புடிச்சா எல்லாரும் போலீஸ்ல மாட்ன மாதிரி கீறாங்கோ,” என்பான் அவன். சொல்லிவிட்டு என் தோளில் கைபோடுவான். கையைத் தட்டிவிடவும் முடியாது.

அவனுக்குப் பிளாஷைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பது என் துணிபு. விளக்கின் ஆற்றலைக் குறிக்கும் ஓர் எண் உண்டு. அதை ஆளுக்கும் விளக்குக்கும் இடைப்பட்ட தொலைவால் வகுத்தால், கேமராவின் கண்ணை எவ்வளவு திறக்கவேண்டும் என்பது கிடைக்கும். மேடைக்கு வரும் முன்பே காலால் அளந்து, மனத்தில் வகுத்து, வைத்த அளவை மாற்றாமல் எடுப்பது என் வழக்கம். பின்திரையைப் பார்ப்பதைக்கூட ஓர் இழுக்காகவே கருதிவந்தேன். கணக்குச் சரியென்றால் படமும் சரியாக இருந்தே தீரவேண்டும்.

மோசஸோ அழுத்துவான், திரையைப் பார்ப்பான், முகம் சுளிப்பான், எதையாவது திருகுவான், மறுபடியும் அழுத்துவான். ஒருமுறை, “எந்தக் கணக்குல திருகுற?” என்று கேட்டேன்.

“கணக்கா? பாத்தா நல்லா கீதா, அவ்ளோதான். நல்லா இல்லியா, இன்னொரு திருகு,” என்றான்.

இப்படிப்பட்டவன் எடுக்கும் படங்களை ஊரார் கொண்டாடுவதைப் பல்லாண்டுகளாகப் பார்த்துவந்தவனின் நிலையை எண்ணிப் பாருங்கள். பின்னாளில் அவன் தனியே கடை வைத்தபின், அதற்கு முன்னால் போகும் பேருந்தில் நான் சாலையின் மறுபக்கம் நோக்கிய இருக்கையில்தான் உட்காருவேன்.

சுண்ணாம்பும் கரியும்

திருமணம் கவரைப்பேட்டைக்கு அருகில், நெடுஞ்சாலையோரம் ஒரு மண்டபத்தில். முன்பு அது சரக்குக் கிடங்கு. கூரை உயரமான தகரம். அதற்கு நீல வண்ணம் பூசியிருந்தார்கள். வேறிடங்களில் பிளாஷை மேலே திருப்பினால் ஒளி கூரையில் பட்டு மழைபோல் மென்மையாக இறங்கும். இங்கே அப்படிச் செய்தால் மணமகள் நீலமாகிவிடுவாள். ஆகவே விளக்கைத் தாங்கியில் பொருத்தித் தூணோரம் நிறுத்துவதே வழி. நான் பெண் வீட்டுப் பக்கத்துத் தூணில் நிறுத்தினேன். மோசஸ் மாப்பிள்ளை வீட்டுப் பக்கத்தில் நிறுத்தினான்.

அவன் மார்பில் தன் கடைப்பெயர் பொறித்த பனியன் அணிந்திருந்தான். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டான்.

“புலவரே! நம்ம ரெண்டு பேரும் சம்பந்தி ஆயிட்டோம், பாத்தியா!”

விடியற்காலையிலேயே யாழினியின் தொழிற்சாலைத் தோழர்கள் வந்துவிட்டார்கள். இரவுப் பணி முடித்து, ஆலைப் பேருந்திலிருந்து நேரே இறங்கியவர்கள். பலர் பணிச்சீருடையோடு நின்றார்கள். அந்தச் சீருடையின் தோளிலும் இடுப்பிலும் இருக்கும் வெள்ளிப் பட்டைகள் பிளாஷ் ஒளி பட்டவுடன் அதைத் திருப்பியடிக்கும். படத்தில் ஆள் மறைந்து பட்டை மட்டும் எரியும். தொழிற்சாலைக்காரர் திருமணங்களில் இது எங்களுக்குப் பழகிய இடர். அவர்களைச் சற்றே பக்கவாட்டில் திரும்பி நிற்கச் சொல்லிவிடுவேன். “அண்ணே, டூட்டில கூட இவ்ளோ ரூல்ஸ் இல்லண்ணே,” என்றான் ஒருவன். மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். காலை நன்றாகவே தொடங்கிற்று.

பிறகு அக்காள் வந்தாள்.

“டேய் தம்பி, எம்பொண்ண எப்டி புடிச்சிருக்கேன்னு காட்டு.”

வேண்டா வெறுப்பாகப் பின்திரையைத் திறந்து காட்டினேன். அக்காள் குனிந்து பார்த்தாள். யாழினியின் முகம் சுண்ணாம்பு அடித்த சுவர்போல் வெளுத்துக் கிடந்தது. அடுத்த படத்தைத் தள்ளினேன். அதில் அடுப்புக்கரிபோல் இருந்தாள். அதற்கடுத்தது மறுபடியும் சுண்ணாம்பு.

“இன்னாடா இது? ஒன்னுல பேய் மாதிரி கீறா. இன்னொன்னுல ஆளே இல்ல. அந்த மோசஸ் தம்பி காட்னாரு, மகாலட்சுமி கணக்கா கீறா எம்பொண்ணு!”

“அவன் படத்த நீ ஏன் பாத்த?” என்றேன்.

“கண்ணு முன்னாடி காட்டும்போது மூடிக்கவா சொல்ற? தாலி கட்ற படமாச்சும் ஒழுங்கா புடிடா. கல்யாணம் முடிஞ்சா நம்மகிட்ட இன்னா கீது, அந்தப் படந்தான கீது.” சொல்லிக்கொண்டே போனவள் திரும்பி நின்றாள். “முடியலன்னா சொல்லிடு. அவரையே ரெண்டு காப்பி போடச் சொல்லிடறேன்.”

அந்தக் கடைசிச் சொற்கள் நெஞ்சில் முள்ளாய் நின்றுவிட்டன. மின்கலங்களை மாற்றினேன். இணைப்பு முனைகளை வேட்டித் தலைப்பால் துடைத்தேன். தொலைவை மீண்டும் காலால் அளந்தேன். வகுத்தேன். கணக்கில் பிழையே இல்லை. பிழையில்லாத கணக்கின்மேல் பிழையான படங்கள் வந்துகொண்டேயிருந்தன. எதிர்ப்பக்கம் மோசஸ் திருகினான், அழுத்தினான், சிரித்தான். அவனைச் சுற்றி மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் திரையை எட்டிப் பார்த்துக் கூவினார்கள்.

அதற்குள், “தாய்மாமன் எங்க? பட்டம் கட்ட வாங்க,” என்று புரோகிதர் அழைத்துவிட்டார்.

ஒன்றாம் எண்

மேடையில் என் விளக்கு என்மேல் மின்னிய அந்த நொடியில் எல்லாம் தெளிந்தது.

கேமராவையும் தாங்கியில் நிற்கும் விளக்கையும் இப்போது கம்பி இணைப்பதில்லை. கேமராவின் தலையில் செருகிய சிறு கருவி ஒன்று காற்றில் ஆணை அனுப்பும். விளக்கு அதைக் கேட்டு மின்னும். இன்ன ஆணைக்கு இன்ன விளக்கு என்பதற்கு இரண்டிலும் ஓர் எண்ணை ஒன்றுபோல் வைத்துக்கொள்ளவேண்டும். கடையிலிருந்து வரும்போது எல்லாக் கருவிகளும் ஒன்றாம் எண்ணில்தான் இருக்கும். எங்கள் வட்டாரத்துப் புகைப்படக்காரர் எல்லாரும் சென்னையில் ஒரே தெருவில், ஒரே வகைக் கருவியைத்தான் வாங்குகிறோம். எண்ணை மாற்றவேண்டும் என்று எவருக்கும் தோன்றுவதில்லை. எனக்கும் தோன்றவில்லை. என் கருவி புதியது. பழையது கம்பி வைத்தது.

ஆக, காலை முழுவதும் நான் அழுத்தியபோதெல்லாம் இரண்டு விளக்கும் மின்னியிருக்கின்றன: அதுதான் சுண்ணாம்பு. அவன் அழுத்திய மறுகணம் நான் அழுத்தியபோது இரண்டும் ஒளி தீர்ந்து, நிரம்பக் காத்திருந்தன: அதுதான் கரி. அவனுக்கும் அதே கதிதான். ஆனால் அவன் திரையைப் பார்த்துப் பார்த்துத் திருகினான். காரணம் தெரியாமலேயே சரிசெய்துகொண்டான். என் விளக்கின் ஒளியையும் சேர்த்துத்தான் மகாலட்சுமியை எடுத்திருக்கிறான்!

எண்ணை மாற்றிவிட்டால் போதும். என் விளக்கு எனக்கு. அவனுடைய படங்களில் பாதி ஒளி குறைந்துபோகும். எதனால் என்று தெரியாமல் விழிப்பான். தாலி கட்டும் நேரத்தில் விழிப்பான். இதை எண்ணியபோது எனக்கு உண்டான இன்பத்தை மறைக்கப்போவதில்லை. அது பசித்தவன் நாசியில் ஏறும் நெய்மணம்போல் இருந்தது.

பட்டத்தை முடிந்துவிட்டுத் தூணை நோக்கி விரைந்தேன். விளக்கின் முதுகில் இருந்த பொத்தானை அழுத்தி எண்ணை ஏழுக்கு மாற்றினேன். இனிக் கேமராவின் தலையிலுள்ள கருவியிலும் ஏழு வைக்கவேண்டும். கேமரா நாற்காலியில். நான் படியிறங்குவதற்குள் புரோகிதர் கையை உயர்த்திவிட்டார்.

“கெட்டிமேளம்! கெட்டிமேளம்!”

“டேய் தம்பி! படம்! படம்டா!” என்று அக்காள் மேடையிலிருந்து கத்தினாள்.

கேமராவை எடுத்தேன். எண்ணை மாற்ற நேரமில்லை. மேளம் காதைப் பிளந்தது. மஞ்சளரிசி என் தலையில் விழுந்து சட்டைக் கழுத்துக்குள் இறங்கியது. மோசஸின் முழங்கைக்கு மேலாக எட்டி, தினேஷின் கை யாழினியின் கழுத்துக்குப் பின்னால் சென்ற நொடியில் அழுத்தினேன்.

ஒளி வந்தது.

என் அழுத்தலுக்கு ஓர் இமைப்பொழுது பின்னால் மோசஸ் அழுத்தினான். அவனுக்கு ஒளி வரவில்லை. மறுமுறை அழுத்தினான். அதற்குள் வாழ்த்தும் கைகள் சூழ்ந்து மணமக்களை மறைத்துவிட்டன.

பந்தியில் ஒரு வேண்டுகோள்

சாப்பாட்டுப் பந்தியில் மோசஸ் என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தான். அவன் முகத்தில் முதன்முறையாகச் சிரிப்பைக் காணோம்.

“புலவரே, பேஜாரு ஆயிடுச்சி. தாலி கட்ற படமே இல்ல. பேட்டரி கால வாரிடுச்சி.”

“பேட்டரியா?” என்றேன்.

“வேற இன்னா? இத்தினி நேரம் நல்லா அடிச்சினு இருந்துச்சி. மாப்ள அம்மா கேட்டா நான் இன்னா சொல்றது? உங்கிட்ட கீறத ஒன்னு குடு புலவரே. ஆல்பத்துல சேத்துக்கறேன்.”

பாயசம் அன்று மிக நன்றாக இருந்தது. “குடுக்கறேன், அதுக்கென்ன,” என்றேன். இவ்வளவு ஆண்டுகளில் அவன் என்னிடம் கேட்டு நான் கொடுக்கும் நிலை அன்றுதான் வாய்த்தது. எண்ணைப் பற்றி அவனிடம் நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. நான் ஏழில் இருக்கிறேன். அவன் ஒன்றிலேயே இருக்கிறான். வார இதழ் படிக்கும் வழக்கம் அவனுக்கு இல்லை.

நிழல் விழுந்த பக்கம்

மறுநாள் வீட்டில் கணினியில் அந்தப் படத்தைத் திறந்தேன்.

யாழினி கறுப்பான பெண். பிளாஷ் நேரே பட்டால் அவள் நிறம் சாம்பல் பூத்துவிடும். பட்டத்தகடு கண்ணாடிபோல் எரியும். அந்தப் படத்தில் ஒளி ஒரு பக்கமிருந்து வந்து, அவள் கன்னத்தைத் தடவிக்கொண்டு கழுத்தில் இறங்கியிருந்தது. மறுகன்னம் நிழலில் இருந்தது. அந்த நிழலுக்குள் ஓமத்தீயின் சிவப்பு ஒளிந்திருந்தது. பட்டம் ஓரத்தில் மட்டும் ஒரு கோடாக மின்னியது. அவள் நிறம் அவள் நிறமாகவே இருந்தது. குனிந்த இமையில் ஒரு மஞ்சளரிசி ஒட்டியிருந்தது.

என் வாழ்நாளில் அப்படி ஒரு படம் எடுத்ததில்லை. நன்று, என்று எனக்கே சொல்லிக்கொண்டேன்.

காப்பி கொண்டுவந்த என் மனைவி என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

“ஐய, எவ்ளோ நல்லா கீது! மோசஸ் அண்ணன் புடிச்சதா?”

“நான் எடுத்தது.”

“லைட்டு அவர் போட்ட மாதிரி கீதேன்னு கேட்டேன்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அப்போதுதான் நிழலைப் பார்த்தேன். நிழல் பெண் வீட்டுப் பக்கம் விழுந்திருந்தது. அப்படியானால் ஒளி மாப்பிள்ளை வீட்டுப் பக்கமிருந்து வந்தது. என் விளக்கு ஏழில் இருந்தது. என் கேமரா ஒன்றில் இருந்தது. அந்த நொடியில் என் விரலுக்கு மின்னியது மோசஸின் விளக்கு. அவன் வைத்த இடம். அவன் வைத்த உயரம். அவன் எந்தக் கணக்குமின்றித் திருகிய திருகு.

காப்பி ஆறிப்போயிற்று.

அதன்பின் பல திருமணங்களில் என் விளக்கை அந்தப் பக்கத்தில், அந்த உயரத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டேன். படங்கள் சரியாக வருகின்றன. சரியாக மட்டும் வருகின்றன. மற்றவன் படத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனுக்கு இரவில் உறக்கமாவது வரும். விடிந்தால் வேறு படம், வேறு மண்டபம். தன் கையால் எடுத்த படத்தைப் பார்த்தே பொறாமைப்படுகிறவன் எங்கே போவான்?

மீஞ்சூரில் ஒரு சுவர்

சில மாதங்களுக்குப் பின் யாழினியின் வீட்டுக்கு நானும் அக்காளும் போயிருந்தோம். மீஞ்சூரில் வாடகை வீடு. கதவைத் திறந்தவுடன் எதிர்ச்சுவரில், சட்டமிட்டு, ஆளுயரத்துக்கு அந்தப் படம். கீழ் மூலையில் மோசஸின் கடைப்பெயர். மாப்பிள்ளை வீட்டு ஆல்பத்திலிருந்துதான் பெரிதாக்கியிருக்கிறார்கள்.

தினேஷின் தாயார் வறுத்த இறாலைத் தட்டில் கொண்டுவந்து எங்களுக்குப் பரிமாறினார். நான் சுவரைப் பார்ப்பதைக் கண்டுகொண்டார்.

“பாத்தீங்களா சம்பந்தி? வர்றவங்க எல்லாம் இத பாத்துட்டுத்தான் உள்ள வர்றாங்கோ. எங்க மோசஸு லைட்டு போட்டான்னா தனிதான். எங்க மருமவ மூஞ்சில அந்த வெளிச்சத்த பாருங்க. கண்ணு பட்டுடும்னு கீது.”

அக்காள் என்னைப் பார்த்தாள். நான் இறாலைப் பார்த்தேன்.

“அத்தே, அது எங்க மாமா புடிச்சது,” என்றாள் யாழினி சமையலறையிலிருந்து. “மோசஸ் அண்ணன் படம் வரல. மாமா கிட்ட வாங்கித்தான் போட்டாரு. அவரே சொன்னாரு.”

தினேஷின் தாயார் தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் சுவரைப் பார்த்தார். அவர் முகத்திலிருந்த பெருமை போக இடம் தேடுவதுபோல் இருந்தது.

அக்காள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். “எந்தம்பி புலவர் படிச்சவன். எல்லாம் கணக்கு போட்டுத்தான் புடிப்பான்,” என்றாள். திருமணத்தன்று பேய் மாதிரி என்று சொன்ன அதே வாய்.

“நெசமாவா சம்பந்தி? நீங்களா?” தினேஷின் தாயார் படத்தின் அருகில் சென்று, யாழினியின் கன்னத்தில் ஒளி தொடங்கும் இடத்தை விரலால் தொட்டார். “அப்போ இந்த வெளிச்சம்? லைட்ட எங்க வச்சிருந்தீங்க?”

வீட்டில் எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். யாழினியும் கரண்டியோடு வந்து வாசற்படியில் நின்றாள். நான் பொய் சொல்வதில்லை.

“மாப்பிள்ளை வீட்டுப் பக்கந்தாம்மா இருந்துச்சு,” என்றேன்.

“அதான பாத்தேன்!” என்றார் அந்த அம்மாள். முகம் மீண்டும் மலர்ந்துவிட்டது. எனக்கு இன்னும் இரண்டு இறால் வைத்தார்.